மாப்பிள்ளைக்குப் பாதிப் பங்கு கிடையாதா?

பாகாலா என்று ஒரு ஊர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. காட்பாடியிலிருந்து ரயிலில் திருப்பதி போனவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஜங்ஷன். ஒரு பாதை காட்பாடிக்கு, ஒன்று திருப்பதிக்கு, இன்னொன்று கதிரி வழியாக தர்மவரத்துக்கு. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது, சித்தூர் ஜில்லாக்காரனாக இருந்த நான் இங்கே ஸ்கார்பரோவில் பனி தள்ளிக்கொண்டே திருப்பதி ஜில்லாக்காரன் ஆகிவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து போன். அக்கா வீட்டுக்காரர். குசலம் விசாரிப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்ப்பா, நீ பேங்க்லதானே இருக்கே? கட்டின புருஷன் பேர்ல பாதிப் பங்கு எழுதக்கூடாதுன்னு எந்த ஊர் சட்டம் சொல்லுது?"

"ஒண்டாரியோ சட்டம் மாமா."

அந்தப் பக்கம் பத்து செகண்ட் சத்தமே இல்லை.

விஷயம் இதுதான். என் அக்கா மகள் இங்கே டொரண்டோவில் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு, சில வருடங்கள் ஒரு ஏஜென்சியில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக கவுன்சிலிங் பிராக்டிஸ் தொடங்கினாள். நம் ஆட்களே நிறையப் பேர் வருகிறார்கள். தமிழில் பேசலாம், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பேசலாம் என்பதுதான் காரணம். வருமானம் கொஞ்சம் ஏறியதும் யாரோ "கம்பெனியாக்கு, டாக்ஸ் மிச்சம்" என்றார்கள். அந்த யாரோ வேறு யாருமில்லை, நான்தான். பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. அவளும் என் பேச்சைக் கேட்டு ஆன்லைனில் ஒரே ராத்திரியில் ஒரு சாதாரண கம்பெனி பதிந்துவிட்டாள். தான் பாதி, கணவர் பாதி. இருவரும் டைரக்டர்.

கணக்கு திறக்க என்னிடம் பேப்பரைக் கொண்டுவந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பல் டாக்டர், வக்கீல், அக்கவுண்டண்ட் எல்லாம் கொண்டுவரும் பேப்பர் இப்படி இருக்காதே!

சட்டம் என்ன சொல்கிறது

ஒண்டாரியோவில் சோஷியல் ஒர்க்கர் என்பது யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் பட்டம் இல்லை. 1998இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த 'காலேஜ்' ஒன்று இருக்கிறது. பாடம் நடத்தும் காலேஜ் அல்ல. தொழிலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. நம்மூர் பார் கவுன்சில், மெடிக்கல் கவுன்சில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

அப்படிப் பதிந்தவர் தன் பிராக்டிஸைக் கம்பெனியாக்க நினைத்தால், அதற்கென்று உள்ள உருவம் 'புரொஃபஷனல் கார்ப்பரேஷன்'. மாகாணக் கம்பெனிச் சட்டத்திலேயே அதன் விதிகள் எழுதியிருக்கின்றன. முக்கியமானவை இவை:

1. பங்குகள் முழுவதும் அதே தொழிலில் பதிவு பெற்றவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். நேராகவும் சரி, சுற்றிவளைத்தும் சரி.

2. டைரக்டர், செக்ரட்டரி, யாராக இருந்தாலும் பங்குதாரராக இருக்க வேண்டும். அதாவது கணவரை 'சும்மா பேருக்கு' செக்ரட்டரி ஆக்குவதும் முடியாது.

3. பெயரில் 'புரொஃபஷனல் கார்ப்பரேஷன்' என்ற வார்த்தைகள் கட்டாயம். வெறும் நம்பரைப் பெயராக வைத்த கம்பெனி ஆகாது.

4. அந்தத் தொழிலும் அதை ஒட்டிய வேலைகளும் தவிர வேறு வியாபாரம் செய்யக்கூடாது என்று பதிவுப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பக்கத்தில் புடவைக் கடை போட முடியாது. மிச்சப் பணத்தை முதலீடு செய்யத் தடையில்லை.

5. கம்பெனி பதிந்தால் மட்டும் போதாது. காலேஜிடமிருந்து அங்கீகாரச் சான்றிதழ் வாங்கி, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகே கம்பெனி பெயரில் ரசீது போட வேண்டும்.

6. கம்பெனி ஆகிவிட்டதால் தொழில் தவறுக்கான பொறுப்பு போய்விடாது. கிளையண்டுக்குத் தவறாக நடந்துகொண்டால் ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இன்ஷூரன்ஸ் அப்படியே தொடர வேண்டும்.

ஆறாவதைப் படித்ததும் "அப்புறம் எதுக்கு மாமா கம்பெனி?" என்று கேட்டாள். சரியான கேள்வி. கம்பெனி ஆரம்பிப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நான் கேட்க வைத்திருக்க வேண்டிய கேள்வி.

டாக்ஸ் மிச்சமா?

சிறு கம்பெனிகளுக்கு முதல் 5 லட்சம் டாலர் தொழில் லாபத்தின் மீது குறைந்த வரி. மத்திய வரியும் மாகாண வரியும் சேர்ந்து ஒண்டாரியோவில் 2020இல் அது 12.2 சதவீதத்துக்கு வந்தது. கேட்டதும் வாயில் எச்சில் ஊறும். ஆனால் அந்தப் பணத்தை வீட்டுக்கு எடுக்கும்போது சம்பளமாகவோ டிவிடெண்டாகவோ வந்து, உங்கள் சொந்தக் கணக்கில் மறுபடி வரி விழும். ஆகவே இது வரித் தள்ளுபடி அல்ல, பெரும்பாலும் தள்ளிவைப்பு மட்டுமே.

ஒரு சின்னக் கணக்கு. செலவெல்லாம் போக பிராக்டிஸில் வருடம் 90,000 டாலர் நிற்கிறது; வாடகை, டே கேர், கார், ஊருக்கு அனுப்புவது, வரி எல்லாம் சேர்த்து 88,000 வேண்டும். கம்பெனியில் தங்குவது 2,000. அதில் எத்தனை வரியைத் தள்ளிவைத்துவிட முடியும்? தனியாக கம்பெனி வரி ரிட்டர்ன், அக்கவுண்டண்ட் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், சான்றிதழ் புதுப்பிப்பு, 2023 ஜனவரி முதல் கம்பெனியைக் கட்டுப்படுத்துபவர் யார் என்று வைத்திருக்க வேண்டிய பதிவேடு - இதிலேயே மிச்சம் கரைந்துவிடும். இதுவே வருடம் 1,60,000 நின்று, 60,000 கம்பெனியிலேயே தங்குமானால் அது வேறு கதை. அப்போது போய் அக்கவுண்டண்டைப் பாருங்கள்.

பேங்க் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன்.

ஒன்று, புதுக் கம்பெனிக்குக் கடன் கேட்டால் பேங்க் பெரும்பாலும் உங்கள் சொந்த ஜாமீனையும் சேர்த்துத்தான் கேட்கும். 'கம்பெனி கடன், எனக்கு சம்பந்தமில்லை' என்கிற வசதி கையெழுத்துப் போடும் அந்த மேஜையிலேயே முடிந்துவிடும்.

இரண்டு, வீடு வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும். வரியை மிச்சப்படுத்த சம்பளத்தைக் குறைத்து எடுத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து மார்ட்கேஜுக்கு வந்து நிற்பார்கள். ரிட்டர்னில் வருமானம் கொஞ்சூண்டு. கம்பெனியில் பணம் இருக்கிறது என்று விளக்குவதற்குள் நீங்கள் பார்த்துவைத்த வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். தவிர, ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போட இடம் கிடைப்பது சம்பளத்தை வைத்துத்தான், டிவிடெண்டை வைத்து அல்ல.

இன்னொரு பள்ளம். ஒரே ஏஜென்சிக்கு, அவர்கள் நேரத்தில், அவர்கள் சொல்கிறபடி வேலை செய்துகொண்டு, பேருக்குக் கம்பெனி வைத்துக்கொண்டால், வருமான வரித் துறை அதை 'சம்பளக்காரர் போட்ட முகமூடி' என்று பார்க்கும். அந்தக் குறைந்த வரி விகிதம் கிடைக்காது. நிறைய வாடிக்கையாளர், சொந்த நேரம், சொந்த இடம் என்று இருப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

கவுன்சிலிங்குக்கு எச்.எஸ்.டி. பொதுவாக இல்லை. சோஷியல் ஒர்க்கர்களுக்கு முன்பிருந்தே விலக்கு உண்டு. சைக்கோதெரபிஸ்டுகளுக்கு 2024 ஜூனில்தான் வந்தது. ஆனால் பட்டறை நடத்துவது, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது போன்றவை அந்த விலக்கில் வராமல் போகலாம். வரிக்குரிய அந்த வருமானம் நாலு காலாண்டில் 30,000 டாலரைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும்.

சரி, மாப்பிள்ளை விஷயம்

மாமா கேட்டது நியாயமில்லாத கேள்வி அல்ல. எனக்கே முதலில் கோபம் வந்தது. இதே ஒண்டாரியோவில் டாக்டர்களும் பல் டாக்டர்களும் தங்கள் கார்ப்பரேஷனில் மனைவி, கணவன், பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை இல்லாத பங்கு கொடுக்கலாம். சோஷியல் ஒர்க்கருக்கு அது கிடையாது. சம்பாத்தியம் அதிகமானவர்களுக்கு ஒரு வாசல், குறைவானவர்களுக்கு மூடிய கதவு. இது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. 2018க்குப் பிறகு குடும்பத்துக்குள் டிவிடெண்டைப் பிரிப்பதில் பெரிய லாபம் இல்லாதபடி விதிகளை இறுக்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் பொம்பளைங்க. வீட்டுல அடி வாங்கறதை, குடிக்கறதை, பிள்ளை தற்கொலைக்கு முயற்சி பண்ணதைச் சொல்ல வர்றாங்க. அவங்க புருஷனும் எங்க வீட்டுக்காரரும் ஒரே கோயில்ல பார்க்கிறவங்க. 'கம்பெனியில அவரும் பாதி ஓனர், அவரும் டைரக்டர்'னு தெரிஞ்சா ஒருத்தி வருவாளா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். கமர்ஸ் படித்தவன் பங்கு என்றால் பணத்தை மட்டும் நினைக்கிறான். இந்தத் தொழிலில் பங்கு என்பது கதவின் சாவி. மருத்துவத் தகவல் ரகசியத்துக்கு இங்கே 2004இலேயே சட்டம் வந்துவிட்டது. கவுன்சிலிங் குறிப்புகளைக் கடைசிப் பதிவிலிருந்து ஏழு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது காலேஜ். சட்டம் எல்லாம் இருக்கட்டும். நம் சமூகம் எவ்வளவு சின்னது என்று நமக்குத் தெரியாதா? மார்க்கம் ரோட்டில் தும்மினால் பிராம்ப்டனில் 'நூறு வயசு' சொல்வார்கள்!

அதனால் என் கருத்து இது. டாக்டருக்குக் கொடுத்ததை சோஷியல் ஒர்க்கருக்கும் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அதாவது ஓட்டில்லாத, நிர்வாகத்தில் கை வைக்காத பங்கு. ஆனால் நிர்வாகம் முழுக்க அந்தத் தொழிலில் பதிந்தவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதி சரியானது. அதைச் சுற்றிவளைக்க வழி தேடாதீர்கள்.

நம்மூரில்?

திரும்பிப் போய் அங்கே தொடங்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். இந்தியாவில் பாதை வேறு. 2008 சட்டப்படி எல்.எல்.பி., 2013 கம்பெனிச் சட்டப்படி ஒரு நபர் கம்பெனி என்று உருவங்கள் உண்டு. கவுன்சிலிங்குக்கென்று தனியாகப் புரொஃபஷனல் கார்ப்பரேஷன் கிடையாது. 2017 மனநலச் சட்டம் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கருக்கு விளக்கம் கொடுத்தது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் கிளினிக்கல், சைக்கியாட்ரிக், மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர்கள் சேர்ந்தார்கள்.

ஆனால் அங்கே சட்டத்தைவிடப் பெரிய தடை வேறு. 'சோஷியல் ஒர்க்' என்று சொன்னாலே 'சேவைதானே, டிரஸ்ட் வைத்து இலவசமாகச் செய்' என்பார்கள். மாமாவே கேட்டார்: "நாலு வார்த்தை பேசறதுக்குக் காசா?" எங்கள் பக்கத்தில் மனசு சரியில்லை என்றால் வீட்டில் மூடி வைப்பார்கள், ரொம்ப முற்றினால் காட்பாடி வண்டி ஏறி வேலூர். நடுவில் போய்ப் பேச ஆள் இல்லை. அந்த நாலு வார்த்தை சரியான நேரத்தில் கிடைத்திருந்தால் இன்று இருந்திருப்பார்கள் என்று சொல்லக்கூடிய இரண்டு பேரை எனக்கே தெரியும். மாமாவுக்கும் தெரியும். அதைச் சொன்னபோது அவர் போனில் ஒன்றும் பேசவில்லை.

முடிவு என்ன ஆயிற்று

வக்கீலைப் பார்த்தோம். நான் பதிய வைத்த கம்பெனியை முறைப்படி மூடச் சொல்லிவிட்டார். அந்தச் செலவை நானே கொடுத்தேன். அது என் முட்டாள்தனத்துக்குக் கட்டிய ஃபீஸ். இப்போதைக்கு அவள் தன் சொந்தப் பெயரிலேயே பிராக்டிஸ் நடத்துகிறாள். தனிக் கணக்கு, தனி கார்டு, வரிக்கென்று மாதா மாதம் ஒதுக்கி வைக்கும் ஒரு சேவிங்ஸ் கணக்கு. கையில் மிச்சம் நிற்கத் தொடங்கியதும் புரொஃபஷனல் கார்ப்பரேஷன், அதுவும் வக்கீல் வழியாக.

கணவருக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. "எனக்குப் பங்கு வேண்டாம், ஆனா நம்பிக்கை இல்லைன்னு யாரும் நினைக்கக்கூடாது" என்றார். வீடு இருவர் பெயரில் இருக்கிறது. உயில் எழுதினார்கள், இன்ஷூரன்ஸ் போட்டார்கள். மாமாவுக்கு அதைச் சொன்னேன்.

"அப்போ அந்தக் கம்பெனியில மட்டும்தான் அவருக்கு இடம் இல்லை?"

"ஆமாம் மாமா. அங்கே வர்றவங்களுக்காக."

"சரி, அப்படின்னா சரி" என்று வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால், அல்லது பிள்ளை இந்தப் படிப்பு படிக்க ஆசைப்பட்டால், முதலில் 'டாக்ஸ் எவ்வளவு மிச்சம்' என்று கேட்காதீர்கள். என்னைப் போல.

டிஸ்கி: இது ஒரு பேங்க் ஊழியனின் சொந்தக் கருத்து. ஒண்டாரியோவுக்கு வெளியே விதிகள் வேறு. காசு போனாலும் பரவாயில்லை, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலையும் ஒரு அக்கவுண்டண்டையும் பாருங்கள். மாமா சொன்னார், சித்தப்பா சொன்னார் என்று கம்பெனி பதியாதீர்கள்!