கரிசல் திடலில் ரெக்கே ஒலிக்கட்டும்

ஜமைக்காவின் ரெக்கே இசையை வாசிக்கும், முன்பின் கேட்டறியாத ஒரு குழு கோவில்பட்டியில் மேடையேறினால் கூட்டம் நிற்குமா? ‘நம்ம ஜனத்துக்கு அதெல்லாம் ஏறாது’ என்று விழா நடத்துகிறவர்கள் சொல்லிவிடலாம். கரிசல் மண்ணின் இசை வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பக்கத்திலிருக்கும் எட்டயபுரத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தார்; சமாதியும் அங்கேதான். இளமையில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டவர் அவர். அந்நியச் சத்தம் என்று ஒதுக்கவில்லை. அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அவற்றில் உண்டு. நோட்டுஸ்வரம் என்ற பெயரில் பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள். அவர் தம்பி பாலுசுவாமி, ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். பின்னாளில் எட்டயபுரம் அரண்மனை வித்வானானார். இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரி அபூர்வம்.

நம்மூர்த் திருவிழா மேளம்போல ரெக்கேயும் திறந்தவெளியில் வளர்ந்த இசைதான். 1950-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைத் தெருக்களில், நம்மூர்ப் பொங்கலுக்கு ரேடியோ செட் கட்டுவதுபோல, ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி இசைத்தட்டுப் போட்டார்கள். அந்த ஆட்டக்களங்களில் ஸ்கா, ராக்ஸ்டெடி என்ற இசைவகைகள் வளர்ந்தன. அவற்றின் வழியே 1968 வாக்கில் ரெக்கே உருவெடுத்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் படைத்தது அது. அடிமை முறை ஒழிந்த பிறகு, 1845 முதல் அதே தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. 2018-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ரெக்கேயைச் சேர்த்தது.

அதன் தாளம் எளிமையானது. நாலு அடி எண்ணினால் கிட்டார் இரண்டிலும் நாலிலும் வெட்டி ஒலிக்கும். பல பாட்டுகளில் முதல் அடியில் டிரம் பேசாது; மூன்றாம் அடியில்தான் கனமாக விழும். பேஸ் கிட்டார் முன்னே நடக்கும். தவிலும் பம்பையும் உறுமியும் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைப் பிடித்துக்கொள்ளப் பாடமா வேண்டும்?

கோவாவில் 2016 முதல் ‘கோவா சன்ஸ்ப்ளாஷ்’ என்ற ரெக்கே விழா நடந்துவருகிறது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் பெண் டிக்கெட் எடுத்து அங்கே போக முடியாது. இசைதான் அவள் ஊருக்கு வர வேண்டும்.

புதியதைக் கேட்கத் தமிழர் தயங்குவார்கள் என்ற எண்ணத்தை 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கம் உடைத்தது. அங்கே ஒரு பள்ளி மைதானத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறி, கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்து பாடியது. அதுவரை யாரும் மேடையில் கேட்டிராத குழு; ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

‘கரகாட்டக்காரருக்கே வாய்ப்பில்லை, இதில் வெளிநாட்டுக் குழு வேறா’ என்ற கேள்வி நியாயமானது. நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊரில் நாகசுரக்காரரை ஓரங்கட்டிவிட்டு யாரையும் மேடையேற்றக் கூடாது. இரண்டு நையாண்டி மேளச் செட்டுகளுக்கு நடுவே ரெக்கே ஒலிக்கட்டும். இரு தரப்புக்கும் ஒரே மேடை, ஒரே ஒலிபெருக்கி, மதிப்பான சம்பளம். கடைசியில் இரு தரப்பும் சேர்ந்து வாசிக்கட்டும்.

கலை பண்பாட்டுத் துறையும் ஊர்ப் பெரியவர்களும் மனம் வைத்தால், அறுவடை முடிந்த ஒரு மாசி மாதத்து இரவு இதற்குப் போதும். கட்டணம் வேண்டாம், முன்வரிசை நாற்காலியும் வேண்டாம். மக்கள் நிற்கிறார்களா, கலைகிறார்களா என்பதை மேடையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கேட்கவே விடாமல் அவர்கள் ரசனையைத் தீர்மானிக்கும் உரிமை எந்தக் கமிட்டிக்கும் கிடையாது.