இரட்டைக் கருவும் இரத்தக் கொதிப்பும்

ஏனாத்தூரிலிருந்து ஒரு தாயார் எழுதியுள்ளார். மணமாகி ஒன்பது ஆண்டுகள் கழிந்து, மருத்துவ உதவியால் அவர் மகள் இரட்டைக் கரு தாங்கியிருக்கிறாள். நான்காம் மாதம் முதல் இரவுதோறும் சிறு அளவு ஆஸ்பிரின் உண்ணச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். "தலைவலி மாத்திரை கர்ப்பிணிக்கு ஆகுமா? நிறுத்திவிடச் சொன்னேன்" என்கிறார் தாயார்.

அம்மா, அது தவறு. இன்றே மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நிறுத்தியதைச் சொல்லுங்கள். அம்மாத்திரை தலைவலிக்கன்று, பேறுகால இரத்தக் கொதிப்பைத் தடுக்க. 16-ஆம் வாரத்திற்குள் தொடங்கினால் பயன் மிகுதி.

காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கரு பற்றியதும் நஞ்சுக்கொடியின் அணுக்கள் கருப்பைச் சுவரிலுள்ள சுருள் நாளங்களுள் புகுந்து, அவற்றை அகலமாக்க வேண்டும். அது குறைவுபட்டால் நஞ்சுக்கொடி இரத்தமின்றி வாடுகிறது. தாயின் இரத்தத்தில் கேடான பொருள்களைக் கலக்கவிடுகிறது. அவை இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்க, கொதிப்பு ஏறுகிறது. சிறுநீரில் புரதம் இறங்குகிறது. இரட்டைக் கருவில் நஞ்சுக்கொடியும் பெரிது, அப்பொருள்களும் மிகுதி. ஆகவே ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது. பிறர் தந்த சினைமுட்டையால் கருவுற்றோர்க்கு அது இன்னும் அதிகம்.

தாயின் வயதும் சேர்ந்துகொள்ளும். 2019-இல் குண்டூரில் எழுபது வயது கடந்த பெண்மணி இரட்டைப் பெண் மகவுகளை ஈன்றதை நாளேடுகள் கொண்டாடின. எனக்கோ அச்சமே மிஞ்சியது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சிகிச்சைக்குப் பெண்ணின் வயதை 50-க்குள் நிறுத்தியது. (சோதனைக் குழாய் முறை பற்றித் திருச்சபை 1987-இல் தந்த போதனையை வாசகர் அறிவர். இங்கே நம் கவலை, கருவுற்றுவிட்ட தாயைப் பற்றியது.)

நெசவாளர் இல்லங்களில் ஒரு பேச்சுண்டு: "தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டதால் வீக்கம்." கால் வீக்கம் பலருக்கும் வருவதே. ஆனால் முகமும் கைகளும் திடீரென வீங்கினால், தலைவலி தீராவிட்டால், கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால் தறியைக் குறை கூறிக்கொண்டிராதீர்கள். ஏனாத்தூரிலேயே மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காஞ்சியில் அரசு மருத்துவமனையும் உண்டு. அளவு 140/90-ஐ எட்டினாலே மருத்துவர் பார்க்க வேண்டும். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி உண்டு; 33 நாடுகளில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், அது வலிப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது. உப்பை அடியோடு நிறுத்துவதால் இந்நோய் தடைபடாது.

இன்னொன்று. குழந்தைகள் பிறந்ததும் ஆபத்து நீங்கிற்றென்று எண்ணாதீர்கள். பிரசவித்துச் சில நாள் கழித்தும் வலிப்பு வருவதுண்டு. மகள் உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஆறு வாரமும், மருத்துவர் சொன்ன நாள்களில் இரத்த அழுத்தம் பார்த்து வாருங்கள்.