சாயமும் சம்மதப் படிவமும்

"விளக்கை ஏன் அணைத்துவிட்டீர்கள்?"

அஞ்சியோகிராம் பரிசோதனை முடிந்து இரண்டு மணித்தியாலங்களின் பின் நண்பர் தமது மனைவியிடம் கேட்ட கேள்வி இது. அப்போது நண்பகல். மருந்து மயக்கம் என நினைத்த மனைவி, "நித்திரை கொள்ளுங்கோ" என்று கூறிவிட்டார். தாதியின் காதுக்கு விடயம் எட்டியபோது மாலை நான்கு மணி. நண்பர் என்னோடு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவர். கண்களே அவரது ஜீவனோபாயம்.

வைத்தியர் ரோச் லைற் அடித்துப் பார்த்தார். கண்மணிகள் முறைப்படி சுருங்கின. பழுது கண்ணில் அல்ல, பார்வையை உணரும் பிடரிப்பக்க மூளையில்.

இருதய நாடிகள் படத்தில் தெரிவதற்காக அயடீன் அடங்கிய திரவமொன்றைச் செலுத்துவார்கள். சாயம் என்று நாம் சொல்வது அதனைத்தான். (உண்மையில் அது பெரும்பாலும் நிறமற்றது.) குருதியிலிருந்து மூளையைக் காக்கும் தடுப்பு மிக அரிதாகச் சிலரில், குறிப்பாக உயர் குருதியமுக்கமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களில், நெகிழ்ந்து அத்திரவத்தை உள்ளே விட்டுவிடுகிறது. பார்வை மறையலாம், வலிப்பு, மனக்குழப்பம், ஒருபக்கச் செயலிழப்பும் வரலாம். பெரும்பாலானோரில் ஓரிரு நாட்களில் தெளிந்துவிடும். 1970ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவான சங்கதி இது.

சிக்கல் என்னவெனில், சி.ரி. ஸ்கானில் கசிந்த அயடீனும் வெண்மையாகவே தெரியும், மூளைக் குருதிக்கசிவும் வெண்மையாகவே தெரியும். அடர்த்தியை அளந்தோ, மீண்டும் படமெடுத்தோதான் பிரித்தறிய வேண்டும். உண்மையான பாரிசவாதமும் அஞ்சியோகிராமுக்குப் பின் ஏற்படக்கூடியது. ஆகையால் 'எல்லாம் சாயத்தின் வேலை' என்று வாளாவிருக்கவும் இயலாது. இந்நிலையில் நண்பர் இழந்த நான்கு மணித்தியாலங்கள் சிறிய விடயமல்ல.

அவர் கையொப்பமிட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வாமை பற்றியும் சிறுநீரகம் பற்றியும் வரிகள் இருந்தன. பார்வை பற்றி ஒரு சொல் இல்லை. இவற்றையெல்லாம் சொன்னால் நோயாளி பரிசோதனைக்கே வரமாட்டார் என்றார் எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர். அவரது அச்சத்தை நான் மதிக்கிறேன். அடைபட்ட நாடியைக் கண்டறியாது விடுவது இதனைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. இதற்குப் பயந்து எவரும் பரிசோதனையைத் தவிர்த்தலாகாது. ஆயினும், "கண் தெரியவில்லை என்றாலோ, பேச்சுத் தடுமாறினாலோ உடனே தாதியைக் கூப்பிடுங்கள்" என்று அந்த மனைவியிடம் தமிழில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் எந்த நோயாளி ஓடியிருப்பார்?

மூன்றாம் நாட் காலை நண்பர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார். சென்ற மாதம் அதே பரிசோதனைக்குப் போன உறவினர் ஒருவரின் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அதே ஆங்கிலம், அதே வரிகள்.