வசனத்துக்கு முன்னாடி என்ன இருக்கு, பாஸ்?

கிறிஸ்தவ ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிருக்கீங்களா? வாசல் நிலைக்கு மேல ஒரு வசனம், ஹால் காலண்டர்ல ஒரு வசனம், பீரோ கண்ணாடியில ஸ்டிக்கரா ஒரு வசனம்னு திரும்பின பக்கமெல்லாம் வசனமா இருக்கும். இதெல்லாம் பத்தாதுன்னு டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் சர்ச்ல 'வாக்குத்தத்த அட்டை' வேற எடுப்போம். தட்டுல கவுத்து வெச்சிருக்கிற அட்டையில ஆளுக்கு ஒண்ணு. வருஷம் முழுக்க அதுதான் நம்ம வசனம். லாட்டரி ரிசல்ட் பார்க்குற மாதிரி, "உனக்கு என்ன வந்துச்சு? உனக்கு என்ன வந்துச்சு?"னு கேக் சாப்பிட்டுக்கிட்டே ஒரு கூட்டம் சுத்தும் பாருங்க... செம ஜாலி!

அட்டை நல்ல விஷயம்தான். ஆனா அதுல இருக்கிறது ஒரே ஒரு வரி. நம்மளைத் தூக்கி நிறுத்துற விஷயம் பல சமயம் அந்த வரிக்கு முன்னாடியும் பின்னாடியும்தான் இருக்கு. இந்த வார மேட்டர் அதுதான்.

ஏன் இப்போ இந்தப் பேச்சு? எங்க ஹாஸ்டல்ல ஒரு ஃபைனல் இயர் அண்ணன். கேம்பஸ் இன்டர்வியூ சீஸன்ல நாலாவது கம்பெனியிலயும் கடைசி ரவுண்டுல 'ஸாரி' சொல்லிட்டாங்க. வீட்டுல எஜுகேஷன் லோன், கல்யாண வயசுல அக்கா. அன்னிக்கு ராத்திரி அவர் போனுக்கு வந்த மெசேஜ் பூரா வசனம். எல்லாமே பாசத்தோட அனுப்பினதுதான். அவரோ போனைக் கட்டில்ல போட்டுட்டு, "எல்லாரும் வசனம் அனுப்புறாங்கடா தம்பி... ஒருத்தனும் 'சாப்டியா'னு கேக்கல"ன்னார்.

இதைக் கேட்டா 'இவருக்கு விசுவாசம் கம்மி'ன்னு சிலர் சொல்லுவாங்க. ஆனா பைபிள் அவர் பக்கம் நிக்குது பாஸ்! மனசு ஒடிஞ்சவன் முன்னாடி உற்சாகமாப் பாட்டு பாடுறது, குளிர்ல நடுங்குறவன் போர்வையைப் பிடுங்குற மாதிரின்னு நீதிமொழிகள் 25-ம் அதிகாரம் சொல்லுது. அழுறவங்களோட சேர்ந்து அழுங்கன்னு ரோமர் 12 சொல்லுது. பசியோட நிக்கிறவனைப் பார்த்து, 'சமாதானமாப் போய்ட்டு வா'ன்னு வாய் வார்த்தையா மட்டும் சொன்னா என்ன பிரயோஜனம்னு யாக்கோபு நேரடியாவே கேக்குறார்.

சரி, அப்போ சந்தோஷம் தர்ற வசனமெல்லாம் சும்மாவா? அதான் இல்ல. அதுங்க பொறந்த இடத்தைப் பார்த்தா அசந்துடுவீங்க.

கடவுளோட கொரியர்

காபி கப்ல இருந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரைக்கும் கலக்குறது எரேமியா 29:11. உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்குன்னு கடவுள் நம்பிக்கை சொல்ற வசனம். இது ஒரு லெட்டர்ல வர்ற வரி. ஊரை இழந்து பாபிலோனுக்குச் சிறையாப் போன ஜனங்களுக்கு எருசலேம்ல இருந்து எரேமியா அனுப்பின லெட்டர். அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தர், 'ரெண்டே வருஷம், எல்லாம் சரியாயிடும்'னு கைதட்டல் வாங்கிட்டுப் போறார். எரேமியா சொன்ன கணக்கோ 70 வருஷம்! அந்த லெட்டரைக் கேட்ட பெரியவங்க பல பேர் ஊர் திரும்பப் போறதே இல்ல.

அதுவரைக்கும் என்ன பண்றது? வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதுல வர்ற பழத்தைச் சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, இப்போ இருக்கிற ஊர் நல்லா இருக்கணும்னு வேண்டிக்குங்க. இதெல்லாம் அதே லெட்டர்லதான் இருக்கு. அதாவது, நல்ல காலம் வர்ற வரைக்கும் வாழ்க்கையை நிறுத்தி வெக்காதே! 'ஆஃபர் லெட்டர் வந்தாதான் நான் மனுஷன்'னு நினைக்கிற எந்த ஃபைனல் இயருக்கும், அந்த ஒரு வரியைவிட இந்த முழு லெட்டர் ரொம்பப் பெரிய தைரியம்.

கம்பிக்குப் பின்னாடி ஒரு சந்தோஷம்

அடுத்த சூப்பர் ஸ்டார், பிலிப்பியர். நாலே அதிகாரம், 104 வசனம். ஹாஸ்டல் மெஸ் க்யூவுல நிக்கும்போதே படிச்சு முடிச்சுடலாம். சந்தோஷம், சந்தோஷப்படுறதுங்கற வார்த்தைகள் கிரேக்க மூலத்துல சுமார் 16 தடவை வருது. எழுதின பவுல் அப்போ எங்க இருந்தார்? ஜெயில்ல! எந்த ஊர் ஜெயில்ங்கறதுல அறிஞர்களுக்குள்ள விவாதம் உண்டு. கட்டுல இருந்தார்ங்கறதை அவரே எழுதியிருக்கார்.

அவர் சும்மா சிரிச்சுக்கிட்டே எழுதலை. எப்பாப்பிரோதீத்துங்கற நண்பர் சாகக் கிடந்து பிழைச்சதையும், அவர் போயிருந்தா துக்கத்து மேல துக்கமா ஆகியிருக்கும்ங்கறதையும் மறைக்காம சொல்றார். 'எப்பவும் சந்தோஷமா இருங்க'ன்னு சொல்ற அந்த ஃபேமஸ் இடத்துக்கு ரெண்டு வசனம் முன்னாடி பாருங்க. எயோதியாள், சிந்திகேயாள்னு சபையில ரெண்டு பெண்கள். 'தயவு பண்ணி ஒத்துமையா இருங்கம்மா'ன்னு பேர் சொல்லிக் கெஞ்சுறார்! சண்டை, சீக்கு, சிறை எல்லாத்துக்கும் நடுவுலதான் அந்த சந்தோஷம் உட்கார்ந்திருக்கு. 'எதையும் செய்ய எனக்குப் பலம் இருக்கு'ங்கற மாதிரி நாம மேட்ச்சுக்கும் எக்ஸாமுக்கும் யூஸ் பண்ற 4:13-ம் அப்படித்தான். அதுக்கு முந்தின வசனத்துல பவுல் பேசுறது ஜெயிக்கிறதைப் பத்தி இல்ல. வயிறு நிறைஞ்சிருந்தாலும் காலியா இருந்தாலும் தாக்குப்பிடிக்கக் கத்துக்கிட்டதைப் பத்தி. கவனிச்சீங்களா? 'கத்துக்கிட்டேன்'ங்கறார். அப்போ அது பிறவி டேலன்ட் இல்ல, சிலபஸ்ல இருக்கிற பாடம். நமக்கும் சான்ஸ் இருக்கு!

இதுல ஒரு லோக்கல் கனெக்‌ஷனும் உண்டு. 1706 ஜூலையில தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார் சீகன்பால்கு. ஜெர்மன்காரர், இருபதுகள்ல இருந்த இளைஞர். நம்ம ஊர்ல தமிழ் கத்துக்கிட்டு, 1708-ல புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க ஆரம்பிச்சார். அதே வருஷக் கடைசியில கோட்டை கமாண்டரோட மோதல் வர, நாலு மாசம் ஜெயில். வெளிய வந்தும் வேலையை விடல. 1714-15-ல தரங்கம்பாடி அச்சகத்துலயே புத்தகம் வந்துச்சு. 1719-ல அவர் இறந்தப்போ வயசு 36. ஜெயில்ல இருந்து எழுதின சந்தோஷக் கடிதத்தை நமக்கு அச்சுல தந்தவரும் ஜெயிலைப் பார்த்தவர்தான்!

முதல்ல சாப்பாடு, அப்புறம் பேச்சு

எனக்கு ஃபேவரிட், 1 இராஜாக்கள் 19. எலியா பெரிய தீர்க்கதரிசி. ஒரு மிரட்டல் வந்ததும் ஓடிப்போய் வனாந்தரத்துல ஒரு செடிக்குக் கீழ உட்கார்ந்து, 'போதும் கடவுளே, என் உயிரை எடுத்துக்க'ன்னுட்டுத் தூங்கிடறார். வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணல. 'உன் விசுவாசம் எங்க?'ன்னு கேக்கல. எழுப்பி, சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து 'சாப்பிடு'ங்கறார். சாப்பிட்டுட்டு எலியா மறுபடி தூங்குறார். தூதனும் மறுபடி வந்து சாப்பிட வெக்கிறார். பேச்சுவார்த்தையெல்லாம் அதுக்கப்புறம்தான்.

அன்னிக்கு நாங்க மூணு பேரும் அந்த அண்ணனைக் கேட்டுக்கு வெளிய இருக்கிற கடைக்கு இழுத்துட்டுப் போய்ப் பரோட்டா சாப்பிட வெச்சோம். வசனம் எதுவும் பேசல. ரூமுக்குத் திரும்பினதும் அவரே பைபிளை எடுத்து 88-ம் சங்கீதத்தைக் காட்டினார். புலம்பலாவே ஆரம்பிச்சு இருட்டுலயே முடியற சங்கீதம். கடைசியில ஹேப்பி எண்டிங் எதுவும் கிடையாது. "இதையும் பைபிள்ல வெச்சிருக்காங்க பாரேன். அப்போ எனக்கும் இதுல இடம் இருக்கு"ன்னார். அவருக்கு இன்னும் வேலை கிடைக்கல. ஆனா அன்னிக்கு நல்லாத் தூங்கினார்.

இந்த வார ஹோம் ஒர்க்

ஒண்ணு: ஒரு வசனம் பிடிச்சுதா? அதுக்கு முன்னாடி பத்து, பின்னாடி பத்து வசனம் படிங்க. யார், யாருக்கு, எந்த நிலைமையில சொன்னதுன்னு பாருங்க.

ரெண்டு: ஜெபம்னா சிரிச்ச முகமாத்தான் பண்ணணும்னு இல்ல. மொத்தம் 150 சங்கீதம் இருக்கு. அதுல புலம்பல் ஏராளம். தாராளமாப் புலம்புங்க.

மூணு: யாருக்காவது வசனம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. 'சாப்டியா?'ன்னு கேளுங்க.

நெகேமியா 8-ல நியாயப்பிரமாணத்தை வாசிக்கக் கேட்டு ஜனங்க கதறி அழுறாங்க. அப்போ தலைவருங்க சொன்னது என்ன தெரியுமா? அழாதீங்க, போய் நல்லாச் சாப்பிடுங்க, இனிப்பாக் குடிங்க, முக்கியமா, ஒண்ணும் இல்லாதவங்களுக்கு ஒரு பங்கு அனுப்புங்க! கடவுள் தர்ற சந்தோஷம்தான் உங்க பலம்ங்கற வசனம் வர்றது அந்த இடத்துலதான்.

ஸோ, ஃபிரெண்ட்ஸ்... அடுத்த வசனத்தோட ஒரு பார்சலும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாமா?