பெடல் வரிசை வேதம் இல்லை

யாராவது தங்கட பெடல்போர்டைப் படம் எடுத்துப் போட்டுப் பாருங்கோ. "என்ன வாசிக்கிறாய்?" எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். "டிலேயை ஏன் டிஸ்டோர்ஷனுக்கு முன்னால வச்சிருக்கிறாய்?" எண்டுதான் கேப்பினம். முதல் டியூனர், பிறகு வாவா, கொம்பிரசர், ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன், கோரஸ், டிலே, கடைசியில் ரிவேர்ப். இந்தப் பட்டியலைத் தேவாரம் மாதிரி ஒப்புவிக்கக் கனபேர் இருக்கினம். ஏன் அப்படி எண்டு திருப்பிக் கேட்டால் வருகிற பதில்: "அதுதான் ஸ்டாண்டர்ட்."

ஸ்டாண்டர்ட் என்பது காரணம் இல்லை. உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது, அது மிக எளிமையானது. ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன், ஃபஸ் மூன்றும் ஒலி அலையின் உச்சியை நறுக்குகின்றன. நறுக்குவதற்கு முன்னால் எது, பின்னால் எது என்பதில்தான் பெரும்பாலான வித்தியாசம் இருக்கிறது. பூஸ்ட் பெடலை டிஸ்டோர்ஷனுக்கு முன்னால் வைத்தால் கரகரப்புத்தான் கூடும், சத்தம் பெரிதாகக் கூடாது. பின்னால் வைத்தால் கரகரப்பு அப்படியே இருக்க, சத்தம் எழும்பும். சோலோவுக்கு அது வேணும். டிலேயை முன்னால் வைத்தால் எதிரொலியும் புதிதாக வாசிக்கும் சுரமும் சேர்ந்தே நறுக்குப்பட்டுக் குழம்பும். சிலருக்கு அது குப்பை. ஆனால் ரிவேர்பை டிஸ்டோர்ஷனுக்குள் தள்ளி வாசிக்கிற ஷூகேஸ்காரருக்கு அந்தக் குழம்பல்தான் இசையே.

டிலே முதலா ரிவேர்ப் முதலா என்று நடக்கிற சண்டை இதைவிடப் பகிடி. மோனோவில், இரண்டுமே அலையை நறுக்காத, அசைக்காத சுத்தமான பெடல்கள் என்றால் எதை முன்னால் வைத்தாலும் வெளியே வருவது ஏறக்குறைய ஒண்டுதான். இரண்டை மூன்றால் பெருக்கினாலும் மூன்றை இரண்டால் பெருக்கினாலும் ஆறு வருகிற மாதிரி. நறுக்குகிற பெடல் ஒன்று இடையில் வந்தால்தான் கணக்கு மாறும். இது விளங்கியிருந்தால் பாதிச் சண்டை நடந்தே இருக்காது.

இவர்கள் கும்பிடுகிற ஆட்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தா வாசித்தார்கள்? எடி வான் ஹேலன் 1978 இல் வந்த முதல் அல்பத்தில் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 பாவித்தார். அவருடைய கரகரப்பு வந்தது மார்ஷல் அம்பிலிருந்து. அப்படியென்றால் ஃபேசர் கரகரப்புக்கு முன்னால் நிற்கிறது. பட்டியலின்படி அது பிழை. அந்தப் பிழையைத்தான் இன்றைக்கும் எல்லாரும் கொப்பி அடிக்கினம்.

"எப்பவும் டியூனர்தான் முதல்" என்பதையும் பார்ப்பம். 1966 இல் வந்த ஃபஸ் ஃபேஸும் அதன் வழி வந்த பழைய பாணி ஃபஸ்களும் கிற்றாரின் பிக்கப்போடு நேரடியாகச் சேர்ந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நடுவில் பஃபர் உள்ள டியூனரைச் செருகினால் ஒலி கூர்மையாகி, மெலிந்துவிடும். கிற்றாரில் வொலியூமைக் குறைத்து ஃபஸைத் தெளிவாக்குகிற வித்தையும் போய்விடும். அதே பஃபர், ஃபஸ் இல்லாத போர்டில், நீளமான கேபிள் தின்கிற மேல்சுரங்களைக் காப்பாற்றும். ஒரே பெட்டி ஓரிடத்தில் கெடுக்கும், இன்னோரிடத்தில் உதவும். பட்டியல் இதைச் சொல்லித் தராது.

இது வெறும் சத்தம் பற்றிய வாக்குவாதம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கோ. எட்டுக் கட்டம், எட்டுப் பெட்டி. அது வரிசை சொல்லித் தருகிற படம் மாதிரித் தெரிந்தாலும் வேலை செய்வது கடைச் சாமான் பட்டியலாகத்தான். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறின நாடு இது. வெளியிலிருந்து வருகிற ஒரு பெடல் இங்கே ஒரு வீட்டின் மாதச் செலவில் கை வைக்கும். இந்த நிலைமையில் "போர்ட் முழுசாகட்டும், பிறகு மேடை ஏறுவம்" எண்டு காத்திருக்கிற பிள்ளையளை உருவாக்குவது ஆர்? ஒரு ஓவர்டிரைவோடு வருகிற பிள்ளையைப் பார்த்து "உன்ர செயின் பிழை" எண்டு சிரிக்கிற அண்ணாமார்தான். அந்தச் சிரிப்பில் இசை அறிவு ஒண்டும் இல்லை. காசு இருக்கு, அவ்வளவுதான்.

உண்மையில் கட்டாயமான விதிகள் மின்சாரத்தில்தான் இருக்கின்றன. வோல்ற் சரியா, முனை சரியா, பவர் சப்ளை தருகிற மில்லிஅம்பியர் காணுமா? இதில் பிழைத்தால் பெடல் எரியலாம், இல்லாட்டி இரையும். வரிசை பிழைத்தால் ஒன்றும் எரியாது. கழற்றி மாற்றிக் கொழுவலாம்.

மூன்று பெடலை ஆறு விதமாக அடுக்கலாம். நாலு பெடலை 24 விதமாக அடுக்கலாம். ஐந்தாவதுக்குக் காசு சேர்க்க முதல் அந்த 24 ஐயும் ஒருக்காக் கொழுவி வாசித்துப் பாருங்கோ, பிடிச்சதைக் குறிச்சு வையுங்கோ. ஆராவது வந்து "இது பிழை" எண்டு சொன்னால், எது எதை நறுக்குது எண்டு அவரிட்டக் கேளுங்கோ. பதில் தெரிஞ்சவர் எண்டால் இருந்து கதையுங்கோ. தெரியாட்டி அம்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வாசியுங்கோ.