மீனின் நீளமும் மனிதனின் நேர்மையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)



ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சென்ற பருவத்துச் செய்முறை வகுப்பில் எங்கள் மேசைக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை வந்தது. அதன் நீளத்தை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். நால்வர் அளந்தோம். ஒருவனுக்கு 17.8 செ.மீ., ஒருத்திக்கு 18.1, இன்னொருவனுக்கு 18.4, எனக்கு 17.6. ஃபார்மலினில் கிடந்த செத்த மீன் அரை மணி நேரத்தில் வளர்ந்து சுருங்கியிருக்க முடியாது அல்லவா? "எல்லாரும் 18னு போட்டுருவோம், கேள்வி வராது" என்றான் நண்பன். போட்டோம். கேள்வி வரவில்லை. சிவப்பு மையில் கையொப்பம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதிவேடு என்றால் என்ன என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. ஆனால் மீனைப் பற்றிக் கேட்க ஆள் உண்டு. அம்மா சந்தையில் மீன் விற்கிறார். "ஒரே மீனு நாலு நீளம் எப்படிடா காட்டும்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் நூலகத்தில் உட்கார்ந்தேன். தேடிய இடத்தில் வந்து நின்றது அமெரிக்காவின் பாஸ் மீன்பிடிப் போட்டி!

பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் ஏரிகளில் வாழும் மீன். பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் என்று இரண்டு இனங்கள் போட்டிக்குப் பேர்போனவை. அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் 1967 ஜூனில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்துப் பீவர் ஏரியில் 106 பேரைத் தலைக்கு 100 டாலர் கட்டவைத்து ஒரு போட்டி நடத்தினார். இன்றைய பெரிய போட்டிகளுக்கெல்லாம் அதுவே விதை எனலாம். தூண்டிலால் பிடித்தவற்றில் சிறந்த ஐந்து மீன்களின் மொத்த எடை யாருக்கு அதிகமோ அவரே வெற்றியாளர் என்பது இப்போது பரவலாக உள்ள முறை. பிடித்ததைக் கொன்று எடுத்துச் செல்லாமல் ஏரியிலேயே விட வேண்டும் என்ற வழக்கத்தையும் 1972 முதல் அவரே முனைந்து பரப்பினார்.

இங்கேதான் சிக்கல். எடை மேடை கரையில் இருக்கிறது. மீனோ காலையில் எங்கோ தொலைவில் பிடிபடுகிறது. அதுவரை படகிலுள்ள தொட்டித் தண்ணீரில் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் இப்படி அலைக்கழிந்த மீன்களில் பல, விட்ட பிறகும் பிழைப்பதில்லை. செத்த மீனுக்கு மொத்த எடையில் கழிவு உண்டு. ஆனால் நான்கு நாள் கழித்து ஏரியின் அடியில் சாகும் மீனுக்கு யார் கழிப்பது?

இன்னொன்று. தராசு சரியாக இருக்கும். மீன் பொய் சொல்லும். பாஸ் போட்டியில் அல்ல, வாலை என்ற வேறொரு மீனுக்கான போட்டியில் இது நடந்தது. 2022 செப்டம்பர் 30 அன்று, கிளீவ்லாந்து நகரில், ஈரி ஏரிக் கரையில் இருவர் கொண்டுவந்த ஐந்து மீன்கள் ஏறத்தாழ 34 பவுண்டு காட்டின. ஒவ்வொன்றும் நாலு பவுண்டு மீன் போலத்தானே இருக்கிறது என்று போட்டி இயக்குநருக்கு உறுத்தியது. வயிற்றைக் கீறினார். உள்ளே 10 ஈயக் குண்டுகள். போதாததற்கு வேறு மீன்களின் சதைத் துண்டுகள்! பரிசுப் பணம் 28,000 டாலருக்கும் மேல். 2023இல் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறைத் தண்டனை பெற்றனர்.

இதை அம்மாவிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "வயித்த ஒரு அமுக்கு அமுக்குனா தெரிஞ்சிருக்குமே, தராச மட்டும் பாத்தா எப்படி?" என்றார். முத்திரையிட்ட தராசு அவரிடமும் உண்டு. ஆனால் ஏலத்தில் அவர் கூடையைக் கண்ணால் மதித்துத்தான் எடுக்க வேண்டும். விற்பதோ கிலோ கணக்கில். மதிப்புத் தவறினால் நட்டம் அவருடையது. நீளத்தைப் பார்த்து எடையை உணர்வது அவருக்குப் பிழைப்பு. கிளீவ்லாந்தில் திருட்டைப் பிடித்ததும் அதே கண்தான்.

இனி நீளத்துக்கு வருவோம். கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் நடக்கும் பாஸ் போட்டிகளில் பெரும்பாலும் எடையே பார்ப்பதில்லை. அப்படகில் ஒருவர்தான் உட்காரலாம். பெரிய தொட்டிக்கு இடமில்லை, நடுவருக்கும் இடமில்லை. (மேஜர் லீக் ஃபிஷிங் போன்ற பணம் படைத்த அமைப்பு, போட்டியாளரின் படகிலேயே ஒரு நடுவரை ஏற்றி, அங்கேயே எடை பார்த்து மீனை உடனே விட்டுவிடுகிறது. அது எல்லாருக்கும் ஆகிற காரியமா?) ஆகவே பிடி, படம் எடு, விடு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் தடுப்புச் சுவரும் நெடுக அங்குலக் கோடுகளும் உள்ள பலகையில் மீனைப் படுக்கவைக்க வேண்டும். மூக்கு தடுப்பைத் தொட்டிருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். அன்றைய போட்டிக்கென்று கொடுத்த அடையாளக் குறியும் படத்தில் விழ வேண்டும்; இல்லாவிட்டால் போன மாதத்து மீன் இன்று பிடித்த மீனாகிவிடும்.

எங்கள் மேசையில் நடந்த கூத்து இதைப் படித்த பிறகே புரிந்தது. என் நண்பன் மீனின் வாயைத் திறந்தபடி விட்டிருந்தான். தோழி வால் துடுப்பைக் குவித்து அளந்தாள். நான் விரித்து அளந்தேன். குவித்தால் நுனி நீளும், விரித்தால் குறையும். புளோரிடா மாநிலச் சட்டம் இதையெல்லாம் எழுதியே வைத்திருக்கிறது: மீன் பக்கவாட்டில் படுத்திருக்க, மூடிய வாயின் முன்நுனியிலிருந்து குவித்த வாலின் கடைசி நுனி வரை. "மொத்த நீளம்" என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு நிபந்தனை! இன்னொருவன் மேசைக்குப் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து அளவுகோலைப் பார்த்தான். பதினோராம் வகுப்பு இயற்பியலில் இடமாறு தோற்றப்பிழை என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். படம் பிடிக்கும் கருவி நேர் மேலே இல்லாமல் வால்பக்கம் சாய்ந்தாலோ தலைப்பக்கம் சாய்ந்தாலோ நுனி வேறு கோட்டின்மேல் விழுந்ததுபோல் தோன்றும்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு விதி. இப்போட்டிகளில் கால் அங்குலமே சிறிய அலகு. வால் நுனி எந்தக் கோட்டைத் தொட்டதோ அதுவே அளவு. இரு கோடுகளுக்கு நடுவே நின்றால் கீழ்க்கோடுதான். ஐந்து மீனுக்கும் சேர்த்தால் ஒருவர் ஒன்றேகால் அங்குலம் வரைகூட இழக்க நேரலாம். கொடுமை என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கீழ்க்கோடு என்பது எல்லாருக்கும் ஒரே கீழ்க்கோடு. "கிட்டத்தட்ட" என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. தோற்றவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் அதே கோட்டைத்தான் காண்பார். எடை மேடையில் ஒரு நொடி மின்னி மறைந்த எண்ணை அவர் மறுபடி எங்கே போய்ப் பார்ப்பது?

நீளம் குறையற்ற அளவை என்று நான் சொல்லவில்லை. முட்டை நிறைந்த கொழுத்த மீனும் பசியில் மெலிந்த மீனும் ஒரே நீளம் காட்டலாம். மீனின் எடை ஏறத்தாழ நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிப் போவது நாம் படித்ததே; நீளம் பத்தில் ஒரு பங்கு கூடினால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆகவே ஒரு பெரிய மீனைப் பிடித்தவருக்கு நீளக் கணக்கில் உரிய பலன் கிடைப்பதில்லை. ஓர் ஆட்டத்தில் திறமைக்கு இது இழப்புதான். மீன் நொடிகளில் தண்ணீருக்குத் திரும்புகிறது, வயிற்றில் ஈயம் வைத்துப் பயனில்லை என்ற இரண்டுக்காக அந்த இழப்பை ஏற்கலாம் என்பது என் கட்சி.

எடைக்காரர்களிடமும் நாம் கற்க ஒன்று உண்டு. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய் பாஸைப் பிடித்தார். பஞ்ச காலம்; அளந்து எழுதிக்கொண்டு, மீனை வீட்டில் சமைத்துவிட்டார்கள். 77 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 2 அன்று, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்தது 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். 27 கிராம் அதிகம்! ஆனாலும் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் இதைப் புதிய சாதனை என்று அறிவிக்கவில்லை. பழையதற்குச் சமன் என்றே பதிந்தது. 25 பவுண்டுக்குக் குறைந்த மீனில் 2 அவுன்ஸாவது கூடினால்தான் முறியடித்ததாகும் என்பது அவர்கள் விதி. அதற்குக் குறைந்த வித்தியாசத்தை வைத்து ஒருவரை இறக்கி மற்றவரை ஏற்ற அவர்கள் துணியவில்லை. குரிடாவுக்கு வருத்தம் இருந்திருக்கலாம். நான் அவரிடத்தில் இருந்தால் எனக்கும் இருக்கும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். எங்கள் பதிவேடுகளில் ஒரு மேசைக்கு ஒரே எண் வந்திருந்தால், தயவுசெய்து அப்போதுதான் சந்தேகப்படுங்கள். வேறுபட்ட எண் எழுதியவருக்கு மதிப்பெண் குறையும் என்ற அச்சமே எங்களை 18க்குத் தள்ளியது. பின்தங்கிய ஊரிலிருந்து, அரைகுறை ஆங்கிலத்தோடு, "சரியான விடை" ஒன்று எங்கோ எழுதி வைத்திருக்கிறது என்று நம்பி வருகிறவர்கள் நாங்கள். அந்த விடையை எட்டிப் பார்த்து எழுதுவதே அறிவியல் என்று நான் ஓராண்டு முழுவதும் எண்ணியிருந்தேன்.

இந்தப் பருவம் அதே மேசைக்கு வேறொரு கெண்டை வந்தது. வாயை மூடி, வாலைக் குவித்து, நேர் மேலிருந்து பார்த்தோம். மூவருக்கு 15.2, ஒருத்திக்கு 15.3. நான்கையும் எழுதி, எப்படி அளந்தோம் என்பதையும் கீழே இரண்டு வரி எழுதிக் கொடுத்தோம். ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்த 15.3 யாருடையது? இங்கே வந்து இன்னொரு முறை அளந்து காட்டு" என்றார். அளந்தாள். மறுபடியும் 15.3தான் வந்தது.