நியூயார்க் கவுண்டி அவசர அழைப்புப் பணியாளர்களும் தேர்வு விலக்கும்

ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நியூயார்க் நகருக்கு வெளியே, 911 என்னும் எண்ணுக்கு வரும் அவசர அழைப்புகளை ஏற்று, காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்திகளை அனுப்பிவைக்கும் பொறுப்பு பெரும்பாலும் கவுண்டி எனப்படும் மாவட்ட அரசுகளைச் சார்ந்ததாகும். இப்பணியாளர்களைப் போட்டித் தேர்வின் வழியாகத்தான் நியமிக்க வேண்டுமா, அல்லது விலக்கு அளிக்கலாமா என்பது விவாதத்துக்குரிய ஒன்று.

பின்னணி

1881இல் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட், அரசுப் பதவி கிடைக்காத ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். அதன் தொடர்ச்சியாக 1883இல் நடுவண் அரசு பென்டில்டன் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் நியூயார்க், குடிமைப் பணிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது. 1894ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, நியமனத்துக்கான தகுதியை இயன்றவரை போட்டித் தேர்வினால் அறிய வேண்டும் என்றது. பின்னாளைய விலக்குகள் அனைத்தும் அந்த 'இயன்றவரை' என்ற சொல்லின் வழியே நுழைந்தவையே.

நடைமுறை

தேர்வில் தேறியோரின் பட்டியல் ஓராண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை செல்லும். அதன் முதல் மூவருள் ஒருவரையே நியமிக்கலாம். பட்டியல் இல்லாதபோது தற்காலிக நியமனம் செய்யலாம். சட்டப்படி அதன் வரம்பு ஒன்பது மாதங்கள். பயிற்சி முடித்து இரவுப் பணிக்குப் பழகிவிட்ட ஒருவரும், பின்னர் நடக்கும் தேர்வில் எட்டத்தக்க இடத்தைப் பெறாவிட்டால் வேலையை இழக்க நேரும். மாவட்டங்கள் விலக்கு கோருவதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை எனலாம்.

2023இல் மாநில அரசு 'நியூயார்க் ஹெல்ப்' என்ற திட்டத்தின் கீழ்ச் சில பதவிகளுக்குத் தேர்வைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. 2024இல் உள்ளாட்சிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. நிலையான மாற்றம் வேண்டுமாயின் உள்ளூர் விதிகளைத் திருத்த வேண்டும். அதற்குப் பொது விசாரணையும் மாநிலக் குடிமைப் பணி ஆணையத்தின் ஒப்புதலும் தேவை.

பணிப் பாதுகாப்பு

விலக்கு பற்றிய பேச்சு தேர்வோடு நின்றுவிடுகிறது. உண்மையில் மாறுவது பணிப் பாதுகாப்பு ஆகும். குடிமைப் பணிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, போட்டிப் பிரிவில் நிரந்தரமானவரைக் குற்றச்சாட்டும் விசாரணையும் இன்றி நீக்க இயலாது. போட்டியில்லாப் பிரிவில் இப்பாதுகாப்பைப் பெற ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். முழு விலக்குப் பிரிவிலோ, போர்க்காலப் படைவீரர், தன்னார்வத் தீயணைப்பாளர் போன்றோர் தவிர ஏனையோருக்கு இது பொதுவாக இல்லை. தொழிற்சங்க உடன்படிக்கை இக்குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடும்.

ஆகவே முழு விலக்கு, கொள்கை வகுக்கும் துறைத் தலைவருக்குப் பொருந்தலாம். அழைப்பை ஏற்கும் ஊழியருக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. ஊர்தி தாமதமாகச் சென்றதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போது, அழைப்புப் பதிவோடு சாட்சி சொல்ல வேண்டியவர் அவரே. ஹெல்ப் திட்டத்தில் சேர்ந்தோரை மறுதேர்வின்றிப் பின்னர்ப் போட்டிப் பிரிவுக்கு மாற்றலாம் என்ற ஏற்பாடு, விரைவான நியமனத்தையும் இப்பாதுகாப்பையும் ஒருசேரக் காக்க முயல்கிறது. உள்ளூர் விதியைத் திருத்திப் பெறும் நிலையான விலக்கில் அத்தகைய திரும்பும் வழி தானாக அமைவதில்லை.